'எல்லை காந்தி' யார்? விடை தெரியும், ஆள் தெரியவில்லை

#1 மணிமுத்தாறு

வணக்கம். ஊர் நூலக மாடியில் சாயங்காலம் குரூப் 4 எழுதும் பிள்ளைகளுக்கு வரலாறு எடுக்கிறேன். சம்பளமெல்லாம் கிடையாது, பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். "எல்லை காந்தி என்று அழைக்கப்பட்டவர் யார்?" என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் "கான் அப்துல் கஃபார் கான்" என்பார்கள். "செஞ்சட்டை இயக்கம்?" அதற்கும் அதே பதில்.

நேற்று ஒரு பெண் எழுந்து, "அக்கா, காந்தின்னா வெள்ளை வேட்டி. இவர் ஏன் சிவப்புச் சட்டை? கம்யூனிஸ்ட்டா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று சமாளித்துவிட்டு வந்தேன். இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். கொஞ்சம் கைகொடுங்கள்.

#2 கருவூர்க்காரன்

காந்தியின் சிஷ்யர். பட்டாணியர்களிடம் போய் அகிம்சை சொன்னார், அவர்களும் கேட்டார்கள். 1947-இல் காங்கிரஸ் கைகழுவியது. கதை முடிந்தது. குரூப் 4-க்கு இதுவே அதிகம்.

#3 தோல்பதனி

அக்கா, அந்தச் சிவப்புக்குக் காரணம் அழுக்கு.

1929-இல் ஆரம்பித்தபோது வெள்ளைக் கதரில்தான் அணிவகுத்தார்கள். பெஷாவர் பக்கத்துப் புழுதியில் வெள்ளைத் துணி ஒரு நாள் தாங்காது. துவைத்து மாளவில்லை. யாரோ ஒருத்தர் சட்டையைத் தோல் பதனிடும் இடத்துக்கு எடுத்துப்போய்ச் சாயத் தொட்டியில் முக்கி எடுத்தார். செங்கல் நிறத்தில் வந்தது. விலையும் மலிவு. மற்றவர்களும் முக்கினார்கள்.

நான் ஆம்பூர்க்காரன். அப்பா காலத்தில் எங்கள் தோல் ஷாப்பில் பட்டைத் தொட்டிகள் இருந்தன. அதில் இறங்கி வேலை செய்பவர்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே துருப்பிடித்த நிறமாகவே இருக்கும். சவுக்காரம் போட்டு அடித்தாலும் போகாது, வெள்ளாவியில் வைத்தாலும் போகாது. எங்கள் அம்மா அதற்காக அப்பாவைத் திட்டாத வாரம் இல்லை. போகாத கறையைச் சீருடையாகவே ஆக்கிக்கொண்டார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அந்த நிறத்தைப் பார்த்ததும் கிலி. ரஷ்யப் புரட்சி நடந்து பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. 'செஞ்சட்டைக்காரர்கள்' என்று எழுதி, பின்னால் மாஸ்கோ இருக்கிறதோ என்று தேடினார்கள். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் குதாயி கித்மத்கார். இறைவனின் பணியாளர்கள். அவனுக்கு நம்மால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை, ஆகவே அவன் படைத்த உயிர்களுக்குச் செய்கிறோம் என்பது அந்தப் பெயருக்கு அவர்கள் சொன்ன பொருள்.

#4 பழைய வக்கீல்

தோல்பதனி தம்பி சொன்னது சரி. ஆனால் சட்டையிலிருந்து ஆரம்பித்தால் பாதிதான் புரியும். நான் சட்டத்திலிருந்து வருகிறேன், தொழில் புத்தி.

1901-இல் கர்சன் பிரபு பஞ்சாபிலிருந்து வெட்டி வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தை உண்டாக்கினார், இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. அதே ஆண்டு எல்லைப்புறக் குற்றங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. அதன்படி ஒருவன்மேல் வழக்கு என்றால் டெபுடி கமிஷனர் தானே பொறுக்கிய பெரிய மனிதர்களைக் கொண்டு ஒரு ஜிர்கா கூட்டுவார். வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. மேல்முறையீடு கிடையாது. ஒருவன் செய்ததற்கு அவன் குலத்தையே, ஊரையே தண்டிக்கலாம். குற்றப்பரம்பரைச் சட்டத்தையும் அதை எதிர்த்தவர்களைச் சுட்ட பெருங்காமநல்லூரையும் அறிந்த நம் ஆட்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1919-இல் மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தம் வந்தது. சென்னையில் நீதிக் கட்சி மந்திரி சபை அமைத்ததே அதன்படிதான். எல்லைப்புறத்துக்கு அந்த அரைகுறைச் சீர்திருத்தம்கூட 1932 வரை கிடைக்கவில்லை. அந்த ஊர் ராணுவ வாசல், அங்கே ஓட்டுப்பெட்டி கூடாது என்பது அரசின் எண்ணம்.

அந்தக் குற்றச் சட்டம் பழங்குடிப் பகுதிகளில் 2018 வரை உயிரோடு இருந்தது. பாகிஸ்தான் பிறந்து எழுபத்தொரு வருஷம் கழித்துத்தான் செத்தது.

#5 கருவூர்க்காரன்

//ஒருவன் செய்ததற்கு அவன் குலத்தையே, ஊரையே தண்டிக்கலாம்//

சரி ஐயா. அப்படிப்பட்ட ஊரில், வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்திருக்கிறவன் துப்பாக்கியைத்தானே எடுப்பான்? அகிம்சை எங்கிருந்து வந்தது? காந்தியிடமிருந்துதானே? நான் முதலில் சொன்னதும் அதுதான்.

#6 தோல்பதனி

அண்ணே, துப்பாக்கி எடுத்தார்கள். எடுத்து எடுத்துத்தான் இந்த இடத்துக்கு வந்தார்கள். வருஷத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

கஃபார் கான் பிறந்தது உத்மான்சாய் கிராமத்தில், 1890 வாக்கில். அப்பா பெரிய நிலக்காரர். பையனுக்கு ராணுவத்தில் நல்ல பதவி கிடைக்கிற மாதிரி இருந்தது. தனக்குத் தெரிந்த பட்டாணிய அதிகாரி ஒருவரை ஒரு வெள்ளைக்காரன் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தியதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். 1910-இல், இருபது வயதில், ஊரில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். காந்தி அப்போது தென்னாப்பிரிக்காவில் இருந்தார்.

பிறகு கிலாபத் காலம், துருக்கிக் கலீபாவுக்காக இங்கே முஸ்லிம்கள் வெள்ளைக்காரனை எதிர்த்த காலம். 1920-இல் ஹிஜ்ரத் என்று ஒரு அலை. வெள்ளைக்காரன் ஆளும் மண்ணில் இருக்கக் கூடாது என்று பல்லாயிரம் பேர் வீடு, நிலம், மாடு எல்லாவற்றையும் வந்த விலைக்கு விற்றுவிட்டுக் காபூலுக்கு நடந்தார்கள். கஃபார் கானும் போனார். ஆப்கன் அமீரால் அவ்வளவு பேருக்குச் சோறு போட முடியவில்லை, நிறுத்தச் சொல்லிவிட்டார். திரும்புகிற வழியில் எத்தனையோ பேர் செத்தார்கள். உயிரோடு வந்தவர்களின் நிலத்தில் வேறு யாரோ உழுதுகொண்டிருந்தார்கள். அந்த அனுபவத்தோடு வந்து மறுபடி பள்ளிக்கூடம் திறந்தார். அதற்காக மூன்று வருஷம் கடுங்காவல். பள்ளிக்கூடத்துக்கு!

அவர் முதலில் மல்லுக்கட்டியது வெள்ளைக்காரனோடுகூட இல்லை, 'பதல்' என்கிற பழிவாங்கும் முறையோடு. உன் தாத்தா என் தாத்தாவைச் சுட்டார், ஆகவே உன் பேரனை என் பேரன் சுடுவான். இப்படி ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தால் ஊர் எப்போது ஒன்றுசேரும்? அரசுக்கு இது ரொம்ப வசதி. இயக்கத்தில் சேருகிறவர் எடுத்த உறுதிமொழியைப் பாருங்கள்: பழிவாங்க மாட்டேன், என்னைக் கொடுமை செய்தவரை மன்னிப்பேன், பகையிலும் கோஷ்டிச் சண்டையிலும் சேர மாட்டேன், தினமும் குறைந்தது இரண்டு மணி நேரம் ஊர்வேலை செய்வேன், கூலி எதிர்பார்க்க மாட்டேன். இதில் பாதி வாசகம் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றியது.

எங்கள் வீடுகளில் யாருக்காவது துன்பம் வந்தால் பெரியவர்கள் "சபூர் செய்" என்பார்கள். அதே சொல்தான், அரபியில் சப்ர். கஃபார் கான் கையில் பிடித்தது அதை. மக்காவில் நபிகள் பதின்மூன்று வருஷம் அடி வாங்கிக்கொண்டு திருப்பி அடிக்காமல் இருந்தார்களே, இது அந்த ஆயுதம், நாம்தான் மறந்துவிட்டோம் என்று ஊர் ஊராகப் பேசினார். பட்டாணியன் காதில் அது ஏறியதற்குக் காரணம் அது அவன் வீட்டுச் சரக்கு என்பதால். காந்தியிடம் அவருக்கு மிகப் பெரிய மரியாதை இருந்தது, அதை நான் குறைக்கவில்லை. கூட்டாளிகள் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். சிஷ்யர் என்றால் கொஞ்சம் இடிக்கிறது.

#7 பாலைவனத்தான்

இதைப் படித்ததும் ஒரு பழைய அடி ஞாபகம் வந்தது.

ஷார்ஜாவில் இருந்தபோது எங்கள் டிரெய்லர் டிரைவர் ஒரு பட்டாணி, சார்சத்தா பக்கம். ஆறடி ஆள். நான் பொது அறிவைக் காட்டுகிறேன் என்று, "உங்க ஊர் எல்லை காந்தி எங்களுக்குப் பாடத்தில் இருக்கிறார்" என்றேன், பள்ளியில் படித்த பெருமையோடு. அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பாச்சா கான்" என்றார். திருத்துகிற மாதிரி, நிதானமாக. பிறகு கேட்டார்: "எல்லை என்றால் யாருக்கு எல்லை? டெல்லியிலிருந்து பார்த்தால் எல்லை. லண்டனிலிருந்து பார்த்தால் எல்லை. எனக்கு அது வீடு. நடு வீடு."

எனக்குப் பதில் வரவில்லை. அவருடைய தாத்தா அந்தச் சட்டை போட்டவராம். வீட்டில் அதை இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். அன்றிலிருந்து நான் பாச்சா கான் என்றுதான் சொல்வது.

#8 மணிமுத்தாறு

பாய், அந்த "நடு வீடு" என்னை உலுக்கிவிட்டது. வகுப்பில் இதைச் சொல்லத்தான் போகிறேன்.

1930 ஏப்ரல் 23, பெஷாவர் துப்பாக்கிச் சூடு என்று ஒரு வரி புத்தகத்தில் இருக்கிறது. அன்றைக்கு என்ன நடந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? பிள்ளைகளுக்கு ஒரு நாளைக் காட்டினால் மற்றது தானாக ஒட்டிக்கொள்ளும்.

#9 பழைய வக்கீல்

சொல்கிறேன் அம்மா. அன்று இங்கே ராஜாஜியின் உப்பு யாத்திரை தஞ்சாவூர் ஜில்லாவில் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 13-இல் திருச்சியில் கிளம்பியவர்கள் 28-இல்தான் வேதாரண்யம் சேர்ந்தார்கள். இங்கே கலெக்டர் தார்ன், சத்தியாகிரகிகளுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று மிரட்டிக்கொண்டிருந்த அதே வாரம்.

கஃபார் கான் உத்மான்சாயில் பேசிவிட்டுப் பெஷாவருக்குப் புறப்பட்டவரை வழியிலேயே கைது செய்தார்கள். நகரத்தில் தலைவர்களை விடியற்காலையிலேயே தூக்கிவிட்டார்கள். இரண்டு பேர் மட்டும் பாக்கி. அவர்களும் பிறகு பிடிபட்டார்கள். ஏற்றிக்கொண்டு போன போலீஸ் லாரியின் டயர் நடுவழியில் போய்விட்டது. இங்கேதான் வேடிக்கை. கைதிகள் இருவரும், "நீங்கள் போங்கள், நாங்களே நடந்து ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறோம்" என்றார்கள். சொன்னபடி மக்கள் புடைசூழ மாலையோடு காபூலி வாசல் காவல் நிலையத்துக்கு நடந்தார்கள். கைதியே கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன கதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

அங்கிருந்து பிரிவதுதான் கிஸ்ஸா கவானி பஜார், கதைசொல்லிகள் தெரு. வணிகக் கூட்டங்கள் வந்து இறங்கி, டீ குடித்துக் கதை கேட்ட இடம். கூட்டம் கோஷம் போட்டுவிட்டுக் கலைந்திருக்கும். அதற்குள் கவச மோட்டார்களை உள்ளே விட்டார்கள். வேகமாக வந்த வண்டிகள் ஆட்கள்மேல் ஏறின. ஜனம் கொதித்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் வந்த வெள்ளைச் சிப்பாய் ஒருவன் கொல்லப்பட்டான், ஒரு கவச வண்டி எரிந்தது. இதை மறைத்துச் சொல்லக் கூடாது. கூட்டத்தில் இருந்த எல்லாரும் உறுதிமொழி எடுத்தவர்கள் இல்லை, நகரத்து ஜனம், காங்கிரஸ் தொண்டர், கிலாபத்காரர் எல்லாரும் கலந்தது அது.

பிறகு சுட்டார்கள். செத்தவர்களைத் தூக்க விடுங்கள், நீங்களும் போங்கள், நாங்களும் போகிறோம் என்று கூட்டம் கேட்டது. படை போக மறுத்தது. மறுபடி சூடு. முன்வரிசை விழ விழ அடுத்த வரிசை முன்னால் வந்து நின்றது. அரசு சொன்ன சாவுக் கணக்கு சில பத்து. ஊர் சொன்ன கணக்கு 200-க்கும் மேல். விட்டல்பாய் பட்டேல் தலைமையில் காங்கிரஸ் ஒரு விசாரணை நடத்தி அறிக்கை போட்டது, அந்த அறிக்கையை அரசு தடை செய்தது.

ஓரிரு நாளில் படைகள் நகரத்தை விட்டு வெளியேறின. மே 4 வரை பெஷாவர் நகரம் வெள்ளைக்காரன் கையில் இல்லை.

#10 செந்தூரன்

ஐயா முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். கார்வால் ரைபிள்ஸ்!

பதினெட்டாவது ராயல் கார்வால் ரைபிள்ஸ், இரண்டாவது பட்டாலியன். இமயமலை அடிவாரத்து இந்துச் சிப்பாய்கள். முஸ்லிம் கூட்டத்தைச் சுடச் சொன்னால் தயங்க மாட்டார்கள் என்ற கணக்கில்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சந்திர சிங் என்ற ஹவில்தார், சுடாதே என்று தன் ஆட்களுக்குக் குரல் கொடுத்தார். நிராயுதபாணிகளைச் சுட முடியாது என்றார்கள். மறுநாள் நகரத்துக்குள் போக வண்டியில் ஏறவே மறுத்துவிட்டார்கள் இரண்டு பிளாட்டூன்காரர்கள். ராணுவ விசாரணை. பதினேழு பேருக்குத் தண்டனை. சந்திர சிங்குக்கு ஆயுள். பதினொரு வருஷம் உள்ளே இருந்து 1941-இல்தான் வெளியே வந்தார், பிற்பாடு கம்யூனிஸ்ட் ஆனார்.

இப்போது கசப்பான விஷயம். 1931 காந்தி இர்வின் ஒப்பந்தத்தில் சத்தியாகிரகக் கைதிகள் எல்லாரும் விடுதலை, இவர்கள் மட்டும் இல்லை. பிறகு ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கேட்டபோது காந்தி சொன்ன பதிலின் சாரம்: சுட மறுக்கும் சிப்பாய் தான் எடுத்த சத்தியத்தை மீறுகிறான், நாளை என் கையில் ஆட்சி வந்தால் இதே சிப்பாய்களை வைத்துத்தானே நான் ஆள வேண்டும். அகிம்சைக்காரர்கள் இதற்கு என்ன சொல்வீர்கள்?

#11 கருவூர்க்காரன்

தோழர், அதில் என்ன தப்பு? ஒரு படை தனக்குப் பிடித்த உத்தரவை மட்டும் கேட்கும் என்றால் அது படையா? நாளைக்கு அதே படை உங்களைச் சுடாதே என்ற உத்தரவையும் மீறும்.

#12 செந்தூரன்

சுடாதே என்ற உத்தரவை மீறுவதும் சுடு என்ற உத்தரவை மீறுவதும் ஒன்றா? தட்டில் வைத்து நிறுக்கிறீர்களே அண்ணே. ஒன்றில் பிணம் விழுகிறது.

#13 பழைய வக்கீல்

இருவரும் நிறுத்துங்கள். இந்த விவாதம் தொண்ணூறு வருஷமாக முடியவில்லை, இன்று ராத்திரியும் முடியாது. என் அபிப்பிராயம் கேட்டால், காந்தி சொன்னது ஓர் ஆட்சியாளர் பேச்சு. கிஸ்ஸா கவானியில் நின்றவர்களுக்கு அது உதவாது. சந்திர சிங் பக்கம்தான் நான்.

#14 கருவூர்க்காரன்

சரி, அதை விடுங்கள். முஸ்லிம் இயக்கம் ஏன் காங்கிரஸோடு போனது? முஸ்லிம் லீக் இருக்கும்போது?

#15 தோல்பதனி

முதலில் லீக்கைத்தான் கேட்டார்கள்.

1930-இல் கிராமங்களை வளைத்துக்கொண்டு வீட்டை எரித்து, தானியத்தைக் கொட்டி, சிவப்புச் சட்டைக்காரர்களை உருவி அம்மணமாக நிறுத்தி அடித்துக்கொண்டிருந்தபோது, சிறையிலிருந்த கஃபார் கானிடம் வந்து சேர்ந்த தோழர்கள் வெளியே உதவி தேடினார்கள். லீக் தலைவர்கள் கைவிரித்துவிட்டார்கள், வெள்ளைக்காரனை எதிர்க்க அவர்கள் அப்போது தயாராக இல்லை. காங்கிரஸ் வாருங்கள் என்றது. 1931-இல் சேர்ந்தார்கள். ஆக, ஆபத்தில் கதவைத் தட்டியபோது திறந்த வீட்டுக்குள் போனார்கள்.

ஏப்ரல் துப்பாக்கிச் சூட்டுக்கு முன் சில நூறு பேர் இருந்த இயக்கம். அடி விழ விழ அந்த வருஷத்துக்குள்ளேயே பல்லாயிரம் ஆனது.

#16 பழைய வக்கீல்

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும், நம்ம ஊர் சம்பந்தம் உள்ளது. 1940 ஜூலையில் ராஜாஜி காங்கிரஸ் செயற்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: சுதந்திரத்தை ஒத்துக்கொண்டு தேசிய சர்க்கார் அமைத்தால் யுத்தத்தில் உதவுகிறோம் என்று. பெரும்பாலோர் ராஜாஜி பக்கம் சாய்ந்தார்கள். இது அகிம்சைக்கு விரோதம் என்று செயற்குழுவிலிருந்து ராஜினாமா செய்தவர் யார் தெரியுமா? துப்பாக்கியோடு பிறக்கிறவன் என்று நாம் நினைக்கிற பட்டாணி. அந்த ஆண்டில் காந்திக்கு நெருக்கமாக நின்றவர் பாச்சா கான், தள்ளி நின்றவர் நம் சேலத்து வக்கீல்.

#17 ——

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

#18 நெறியாளர்

பிரிவினை பேச்சு வந்ததும் ஒரு சமூகத்தைத் திட்டும் பதிவுகள் வரும் என்று தெரியும், அதனால்தான் விழித்திருக்கிறேன். விஷயத்தைப் பேசுங்கள்.

#19 பழைய வக்கீல்

1947. சுருக்கமாகவே சொல்கிறேன், எழுதக் கை வரவில்லை.

1946 தேர்தலில் மாகாணச் சட்டசபையின் 50 இடங்களில் 30 காங்கிரஸுக்கு, 17 லீக்குக்கு. தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் முஸ்லிம்கள் வாழும் மாகாணத்தில். கஃபார் கானின் அண்ணன் டாக்டர் கான் சாகிப் பிரதமர், அன்று முதலமைச்சரை அப்படித்தான் சொன்னார்கள். மக்கள் ஓட்டுப்போட்டு ஒன்றரை வருஷம்கூட ஆகி முடியவில்லை, அதற்குள் இந்தியாவா பாகிஸ்தானா என்று பொதுவாக்கெடுப்பு வையுங்கள் என்ற மவுண்ட்பேட்டன் திட்டத்தைக் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது. தன்னைக் கேட்காமல் ஏற்றார்கள் என்று கஃபார் கான் நொறுங்கிப்போனார். எங்களை ஓநாய்களிடம் எறிந்துவிட்டீர்கள் என்று அவர் காந்தியிடம் சொன்னது பலருக்கும் தெரியும்.

மூன்றாவது பெட்டி ஒன்று வையுங்கள், தனிப் பக்தூனிஸ்தான், அதாவது பட்டாணியருக்கென்று தனி நாடு, என்று கேட்டார்கள். ஜூன் 21-இல் பன்னு என்ற ஊரில் போட்ட தீர்மானம் அது. கிடைக்கவில்லை, புறக்கணித்தார்கள். ஜூலையில் ஓட்டு நடந்தது. பாகிஸ்தானுக்கு 2,89,244. இந்தியாவுக்கு 2,874. மொத்த வாக்காளர்களில் பாதிப் பேர்தான் போட்டது. மற்ற பாதிக்குள் எத்தனை பேர் புறக்கணித்தார்கள், எத்தனை பேர் சும்மா வீட்டில் இருந்தார்கள் என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள்.

என் கணக்கில் புறக்கணித்தது தப்பு. வக்கீல் புத்தி, ஆஜராகாதவன் பக்கம் தீர்ப்பு வராது. ஆனால் இரண்டு பெட்டியும் தன்னுடையது இல்லை என்கிறவனை எந்தப் பெட்டியில் போடச் சொல்வது?

#20 கருவூர்க்காரன்

//இரண்டு பெட்டியும் தன்னுடையது இல்லை//

ம். சிஷ்யர் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். கைகழுவினார்கள் என்று சொன்னதை மட்டும் வாங்க மாட்டேன்.

#21 பாலைவனத்தான்

அதற்கப்புறம் நடந்ததை அந்த டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், பிறகு படித்துச் சரிபார்த்தேன். பாகிஸ்தான் பிறந்து எட்டாம் நாள் கான் சாகிப் மந்திரி சபையைக் கலைத்தார்கள். பாச்சா கான் பாகிஸ்தானுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டார், அப்படியும் 1948 ஜூனில் உள்ளே தள்ளினார்கள். ஆகஸ்ட் 12, சார்சத்தாவில் பாப்ரா என்ற இடத்தில் ஊர்வலம் போனவர்களைச் சுட்டார்கள். அரசு பதினைந்து என்றது, ஊர் நூற்றுக்கணக்கில் சொல்கிறது. சுடச் சொன்ன மாகாண அரசின் தலைவர் கய்யூம் கான், முன்பு காங்கிரஸில் பாச்சா கானோடு இருந்தவர். அந்த டிரைவருக்கு வெள்ளைக்காரன் சுட்டதைவிட அதுதான் ஆறவில்லை. தாத்தாவின் சட்டையில் ஓட்டை இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, வண்டியை எடுத்தார்.

வாழ்நாளில் கால் நூற்றாண்டுக்கும் மேல் சிறை, அதில் ஏறக்குறைய பாதி பாகிஸ்தான் கணக்கு. 1987-இல் இந்தியா பாரத ரத்னா கொடுத்தது. 1988 ஜனவரி 20-இல் பெஷாவரில் இறந்தார். ஜலாலாபாத்தில் புதைக்கச் சொல்லியிருந்தார், எல்லைக்கு அந்தப் பக்கம். ஆப்கன் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த ஊர்வலத்துக்காகச் சண்டையை நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் கைபர் கணவாய் வழியே போனார்கள். அங்கேயும் வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் குண்டு வெடித்துச் சிலர் இறந்தார்கள்.

#22 மணிமுத்தாறு

எல்லாருக்கும் நன்றி. இன்று வகுப்பு முடிந்து இப்போதுதான் வந்தேன். ஒரு மணி நேரத்தில் முகலாயர்களை முடித்திருக்க வேண்டும், பாபரோடு நிற்கிறது. லாரி டயர் கதைக்கு எல்லாரும் சிரித்தார்கள். பட்டைச் சாயம் சொன்னபோது பின் வரிசைப் பையன் ஒருத்தன், அவன் அம்மா சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவர், "எங்க வீட்லயும் அப்டித்தான்க்கா, எல்லாத் துணியும் ஒரே கலர்" என்றான்.

கேள்வி கேட்ட அந்தப் பெண் கடைசியில் இன்னொன்று கேட்டாள்: "சந்திர சிங் பேர் பரீட்சையில வருமா அக்கா?"

#23 பழைய வக்கீல்

வராது என்று சொல்லாதீர்கள். ரெஜிமெண்ட் நம்பரோடு எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.